ஆயுதமுனைக் கொள்ளை வழக்கில் மேன்முறையீடு: வன்னிக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆயுதமுனைக் கொள்ளைக்காக ஒருவர் குற்றவாளியாகக் காணப்பட்டதும், குடும்பத்தார் கொழும்பில் பெயர்போன சட்டத்தரணி ஒருவரைத் தேடி அலைவார்கள்; அவருக்குக் கொடுக்கும் பணத்துக்காக நகையை அடகு வைக்க ஓடுவார்கள். அந்த ஓட்டத்திலேயே நாட்கள் போய்விடுகின்றன. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 331 ஆம் பிரிவின்படி, மேன்முறையீட்டு மனு 14 நாட்களுக்குள் கையளிக்கப்பட வேண்டும். தீர்ப்புச் சொன்ன நாளும் அதில் சேரும். மனுவை ஏற்பவர் தீர்ப்பளித்த அதே மேல் நீதிமன்றத்தின் பதிவாளர் என்பதால், அதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. சிறையில் இருப்பவர் அந்தக் காலத்துக்குள் தமது விருப்பத்தையும் காரணங்களையும் ஜெயிலரிடம் சொன்னாலே போதும். மனுவைத் தயாரித்து நீதிமன்றத்தில் சேர்ப்பது ஜெயிலரின் கடமை. இதை அறியாமல் உரிமையை இழப்பவர்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 383 ஆம் பிரிவின் கீழ், கொல்லக்கூடிய ஆயுதத்தைப் பயன்படுத்திய கொள்ளைக்கு 20 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். பணவசதி இல்லாதவர்கள் தீர்ப்பு வந்த உடனேயே சட்ட உதவி ஆணைக்குழுவை நாட வேண்டும்.

அடுத்த பெருந்தவறு, மேன்முறையீட்டை இரண்டாவது விசாரணையாக எண்ணுவது. மேன்முறையீட்டு நீதிமன்றம் வழமையாகச் சாட்சிகளை மீண்டும் அழைப்பதில்லை. வழக்கேட்டில் பதிவானதையே வாசிக்கும். ஆகவே “தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது” என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும் வாதத்தால் பயனில்லை. எந்தச் சாட்சி, எந்தக் கேள்விக்கு, எந்தப் பக்கத்தில் என்ன சொன்னார் என்று காட்ட வேண்டும். வழக்கேடு தமிழில் இருந்து மொழிபெயர்க்கப்பட்டால், அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் சட்டத்தரணியின் வேலையே.

கொள்ளை வழக்குகளில் பெரும்பாலும் எல்லாமே ஆளடையாளத்தில் தங்கியிருக்கும். மின்சாரம் இல்லாத ஒரு வீட்டுக்குள் இரவில் இருவர் துவக்கோடு புகுந்து, வீட்டுக்கார அம்மாவின் முகத்துக்கு நேரே டோர்ச் அடித்தபடி தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் விழுந்தது அவருடைய முகத்தில், கொள்ளையரின் முகத்தில் அல்ல. எவ்வளவு தூரத்தில் நின்றார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார், முன்பே தெரிந்தவரா, பொலிஸாரிடம் முதலில் என்ன அங்க அடையாளம் சொன்னார், அடையாள அணிவகுப்புக்கு முன் சந்தேகநபரை யாராவது காட்டினார்களா என்ற கேள்விகளுக்கு வழக்கேட்டில் உள்ள பதில்களே மேன்முறையீட்டின் உயிர். இங்கிலாந்தில் 1976 இல் தீர்க்கப்பட்ட டேர்ன்புல் வழக்கு, ஆளடையாளச் சாட்சியத்தை எப்படி எடைபோட வேண்டும் என்று தந்த வழிகாட்டல்களை எமது நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. இத்தனையையும் விட்டுவிட்டு, பொலிஸ் அதிகாரி திகதியை மாற்றிச் சொன்னார் என்பது போன்ற சிறு முரண்பாடுகளைப் பக்கம் பக்கமாக அடுக்குவது வீண். முக்கிய உரிமைகளைப் பாதிக்காத, நீதி தவறச் செய்யாத பிழைக்காகத் தீர்ப்பு மாற்றப்படலாகாது என்று அரசியலமைப்பின் 138 ஆம் உறுப்புரை சொல்கிறது.

எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், வாக்குமூலத்தின்படி துவக்கு கண்டெடுக்கப்பட்டால் கதை முடிந்தது என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 27 ஆம் பிரிவின் கீழ் அது காட்டுவது, பொருள் இருந்த இடம் அவருக்குத் தெரியும் என்பதை மட்டுமே. அவரே கொள்ளையடித்தார் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டும். ஆனால் களவுபோன நகை சில நாட்களுக்குள் அவர் கையிலேயே பிடிபட்டிருந்தால் நிலைமை வேறு. களவுபோன பொருளை விரைவிலேயே வைத்திருப்பவர் திருடியவராகவோ களவென்று அறிந்து வாங்கியவராகவோ இருக்கலாம் என்ற, அதே சட்டத்தின் 114 ஆம் பிரிவின் அனுமானம் அவருக்கு எதிராக எழக்கூடும் என்பதால், எதிரிக் கூண்டில் அவர் கொடுத்த விளக்கத்தை நீதிபதி ஆராய்ந்தாரா என்பதைத் தேட வேண்டும்.

மேன்முறையீடு செய்தவுடன் ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நம்பிக் கடன்படவும் கூடாது. பிணைக்குத் தனி விண்ணப்பம் தேவை, விதிவிலக்கான காரணமும் காட்ட வேண்டும். தண்டனையை மட்டும் எதிர்ப்போர், குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 336 ஆம் பிரிவின்படி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் குறைக்கவும் கூட்டவும் முடியும் என்பதைத் தெரிந்தே இறங்க வேண்டும். சிறைத்தண்டனை மேல் நீதிமன்றத் தீர்ப்புத் திகதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்ற மாற்றுக் கோரிக்கையையும் விசாரணையின்போது முன்வைக்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லி வையுங்கள். மேன்முறையீடு தோற்றாலும், அதன் முடிவுக்காகக் காத்திருந்து சிறையில் கழித்த ஆண்டுகளை, நீதிமன்றம் இடும் அந்தக் கட்டளை தண்டனைக் காலத்தில் சேர்த்துக் காப்பாற்றித் தரலாம்.