எபாக்சி மேல அடுத்த கோட்டு ஒட்டலையா? நான் சரி பண்ணுனது

பவானி பக்கம் ஆத்தோரம் வீடுங்க, பரிசல் பாத்தே வளந்த ஊரு, ஆனா எனக்குப் பலகைப் படகு மேலதான் ஆசை. ஐஎஸ் 710 தரத்து மெரைன் பிளை (தண்ணி தாங்கற ஒட்டுப்பலகை), 6 எம்எம், 8க்கு 4 ஷீட்டு வாங்கி வெட்டி, ஓரத்துல ஓட்டை போட்டு செப்புக் கம்பியில தச்சு, உள்மூலையில எபாக்சியோட (ரெசினும் ஹார்டனரும் கலந்தா இறுகற பசை) நைஸ் மரத்தூள் கொழச்சுப் பூசி, மேல கிளாஸ் டேப் (கண்ணாடி நார்ப் பட்டி) ஒட்டற முறை, ஆசாரி வேலை தெரியாதவங்களுக்கு இதுதான் தோது.

மார்கழிப் பனியில எபாக்சி மொத கோட்டு காஞ்சுது, ரெண்டாவது அடிச்சா அங்கங்க சுருங்கி விலகுது, டேப் ஓரமும் நகத்துல கிளப்புனா வருது. தொட்டுப் பாத்தா மெழுகு தடவுனாப்ல வழவழங்குது. குளிரும் ஈரமும் இருந்தா ஹார்டனர்ல இருக்கற அமீன்ங்கற ரசாயனம் மேல வந்து இப்படிப் படலமா நிக்குமுங்க. உடனே உப்புத்தாள் போட்டீங்கன்னா அது இன்னும் பரவும், எபாக்சி நல்லா இறுகினப்புறம் மொதல்ல வெதுவெதுப்பான தண்ணியும் பச்சை ஸ்க்ரப்பரும் வெச்சுக் கழுவோணும், அது தண்ணியிலயே போயிரும், காஞ்சப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், தூசி தொடச்சுட்டு வெயில் ஏறுன நேரத்துல கோட்டு. தூக்குன டேப்ப மட்டும் வெட்டி எடுத்து புதுசு ஒட்டுனேன்.

வெயில் காலத்துல வேற தொல்லை, எபாக்சிய நெறையா கலந்து மக்குலயே வெச்சா சூடாகி புகை வந்து கல்லாயிரும், அகலமான தட்டுல ஊத்திக்கோங்க.

அப்பறம் படக வாசல்ல வெச்சு உள்ள கொஞ்சம் தண்ணி ஊத்தி விடிய விடிய உட்டேன், சொட்டுக்கூட ஒழுகல. மாட்டுத் தொட்டியா கண்ணுன்னு கேட்டாங்க எங்க அம்மிச்சி.