பைக்குக்கு எந்த ஆயில்? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், காலடிப்பேட்டைப் பக்கம் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்லாவில் நான்தான் உட்கார்கிறேன். "அக்கா, ஒரு டப்பா ஆயில் குடுங்க" என்று வருகிறவர்களிடம் "எந்த வண்டிப்பா?" என்று கேட்டால், வண்டிப் பெயருக்குப் பதில் ஆயில் கம்பெனி பெயரைச் சொல்கிறார்கள். கியர் வண்டிக்கு ஆயில் வாங்கும்போது கம்பெனி பெயர் கடைசியில் பார்க்கிற விஷயம். முதலில் டப்பாவின் பின்பக்கத்தில் ஜாஸோ (JASO) என்ற குறியைத் தேடுங்கள்.

காரணம் கிளட்ச். காரில் கிளட்ச் தனி ஹவுசிங்கில் காய்ந்து கிடக்கும், கியர் பாக்ஸுக்கும் தனி ஆயில். நம்முடைய ஸ்ப்ளெண்டர், பல்சர், அப்பாச்சி எல்லாவற்றிலும் பிஸ்டன், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கி, அந்த ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். லீவரை விட்டதும் ஸ்பிரிங் அந்த அடுக்கை இறுக்கும், நடுவில் இருக்கிற ஆயில் பிதுங்கி வெளியேறும், பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும். இந்தப் பிடிப்பில்தான் வண்டி நகர்கிறது. ஆகவே பைக் ஆயில் பிஸ்டனுக்கு வழுக்க வேண்டும், கிளட்சுக்கு வழுக்கக் கூடாது.

கார் ஆயில்களில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று உராய்வைக் குறைக்கும் மருந்துகளைச் சேர்க்கிறார்கள், மாலிப்டினம் மாதிரி. காருக்கு அது நல்லது. பைக்கில் ஊற்றினால் பிளேட் வழுக்கத் தொடங்கும். இந்தச் சிக்கலுக்காகத்தான் 1990-களின் கடைசியில் ஜப்பான்காரர்கள் பைக் ஆயிலுக்கென்று தனி அளவுகோல் கொண்டுவந்தார்கள். அதுதான் ஜாஸோ. எம்ஏ (MA) என்றால் கிளட்ச் பிடிப்புக்கு ஏற்றது. அதிலேயே பிடிப்பு கூடியது எம்ஏ2, குறைந்த பக்கம் எம்ஏ1. எம்பி (MB) என்றால் உராய்வு குறைவு, ஸ்கூட்டருக்கு. மேனுவலில் எம்ஏ என்று போட்டிருந்தால் எம்ஏ2 தாராளமாக ஊற்றலாம். எம்ஏ2 கேட்கிற வண்டிக்கு எம்ஏ2-தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு ஆக்டிவாவும் ஒரு பைக்கும் இருக்கும். ஸ்கூட்டருக்கு ஊற்றியது போக மீந்த ஆயிலை வீணாக்க மனம் வராமல் பைக்கில் டாப்-அப் செய்துவிடுவார்கள். அது எம்பி ஆயில். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே, காய்ந்த இடத்தில் இருப்பதால் அதற்குக் கவலையில்லை. பைக்குக்கு வேண்டவே வேண்டாம். மாற்றிச் செய்தால், அதாவது பைக் ஆயிலை ஸ்கூட்டரில் ஊற்றினால், கொஞ்சம் மைலேஜ் போகுமே தவிர எதுவும் கெடாது.

ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள் எங்கள் பகுதியில் நிறைய. பக்கெட்டில் மீந்த 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை "நல்ல கெட்டி ஆயில்க்கா" என்று பைக்குக்கும் கொடுத்துவிடுகிறார்கள். சில டீசல் ஆயில்களில் ஜாஸோ எம்ஏ குறி உண்டு. அது இருந்து, கிரேடும், அதாவது 15டபிள்யூ-40 மாதிரியான கெட்டித்தன்மை எண்ணும், வண்டிக்குப் பொருந்தினால் ஊற்றலாம். குறி இல்லாவிட்டால் லாரியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது கிரேடு. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. மார்கழியிலும் வியர்க்கிற நம்மூரில் இரண்டாவது எண்ணுக்குத்தான் அதிக மதிப்பு. ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30. கிளாசிக் 350-க்கு 15டபிள்யூ-50. பழைய பல்சருக்கு 20டபிள்யூ-50. உங்கள் வண்டிக்கு என்ன என்று மேனுவல் சொல்லும், பல வண்டிகளில் ஆயில் மூடி அருகிலேயே எழுதியிருக்கும். "வெயில் ஜாஸ்தி, கெட்டியா ஊத்துங்க" என்று ஸ்ப்ளெண்டருக்கு 20டபிள்யூ-50 கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. சத்தம் அடங்கின மாதிரி தெரியும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், பிளேட்டுகள் சரியாகப் பிரியாமல் கியர் முரண்டு பிடிக்கும், மைலேஜும் இறங்கும்.

டப்பாவில் ஏபிஐ (API) என்று ஒரு வட்ட முத்திரையும் இருக்கும், ஆயிலின் தரத்தை எழுத்தில் சொல்வது. அந்த எழுத்துக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். மேனுவலில் எஸ்எல் என்றால் எஸ்எல்லோ அதற்கு மேலான எஸ்எம், எஸ்என்னோ போதும். அந்த வட்ட முத்திரையின் அடியில் "எனர்ஜி கன்சர்விங்" அல்லது "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று இருந்தால் மட்டும் அது உராய்வைக் குறைக்கும் ஆயில், டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்துவிடுங்கள்.

சிந்தெடிக், அதாவது செயற்கையாகத் தயாரித்த ஆயில், ஊற்றினால் கிளட்ச் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சரியில்லை. வழுக்க வைப்பது முன்னே சொன்ன உராய்வு குறைக்கும் மருந்துதான். எம்ஏ2 குறி உள்ள ஃபுல் சிந்தெடிக் கிளட்சை ஒன்றும் செய்யாது. மினரல், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த சாதா ஆயில், கேட்கும் நூறு சிசி வண்டிக்கு நல்ல மினரலே போதும் என்பது என் எண்ணம். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வரிசைக்கு நடுவே பாதி கிளட்சில் ஊர்ந்து போகிற டெலிவரி தம்பிகளுக்கு இரண்டும் கலந்த செமி சிந்தெடிக்காவது வாங்கச் சொல்வேன். காற்றில் குளிர வேண்டிய இன்ஜினுக்குக் காற்றே கிடைக்காது. பிளேட் தேயும் சூடும் அதே ஆயிலில்தான் இறங்கும். போதாததற்கு கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி நீர்க்க வைக்கும். அவர்கள் மேனுவல் கணக்குக்கு முன்னாலேயே ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

பழைய வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் இன்னும் உண்டு. அதில் இன்ஜின், கிளட்ச் இருக்கும் செயின் கேஸ், கியர் பாக்ஸ் மூன்றும் தனித்தனி. அவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அந்த வண்டி தெரிந்த மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் போதும். பின்னால் ஆளை உட்கார வைத்து, டாப் கியருக்கு முந்தின கியரில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்குங்கள். இன்ஜின் மட்டும் அலறி, வேகம் கூடாமல் இருந்தால் ஸ்லிப். உடனே ஆயிலைத் திட்டாதீர்கள். கிளட்ச் லீவரில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு அதுதான் அளவு. கேபிள் இறுகியிருந்தாலும், பிளேட் தேய்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். தப்பான ஆயில்தான் காரணம் என்றால், அதை வடித்து எம்ஏ2 ஊற்றி, கொஞ்சநாள் ஓட்டி, இன்னொரு முறை மாற்றுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். பிளேட் கருகிப் பளபளவென்று ஆகியிருந்தால் மட்டும் செட் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது மூடிக்கு உள்ளே சீல் இருக்கிறதா, தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். லூஸ் ஆயில் வேண்டாம். ஆயில் மாற்றி முடித்ததும் காலி டப்பாவை ஸ்க்ரூடிரைவரால் குத்தி ஓட்டை போடுங்கள்; ஓட்டையில்லாத டப்பா கிடைத்தால் அதில் போலி ஆயிலை நிரப்பி விற்க ஆள் இருக்கிறது. வடித்த ஆயிலைத் தயவுசெய்து கால்வாயில் ஊற்றாதீர்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீன்பிடிக்கிறவர்களின் படகும் வலையும் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிற மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.