பல்மாறி நுண்கணிதத்துக்கு முன் என்னைச் சோதித்த விதம்

உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதத்துக்கு நல்ல பெறுபேறு கிடைத்திருந்ததால், பல்கலைக்கழகத்தில், பல மாறிகளில் தங்கிய சார்புகளை ஆராயும் பல்மாறி நுண்கணிதப் பாடத்தைத் தெரிவுசெய்வதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. ஆனால் பதிவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அமர்ந்து, குறிப்புகளைப் பாராமல் பழைய கணக்குகளைச் செய்துபார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

வகையிடலில் சங்கிலி விதி கைகொடுத்தது. பகுதிகளாகத் தொகையிடலும் ஒருவாறு வந்தது. முப்பரிமாண வெளியில் மூன்று புள்ளிகளினூடாகச் செல்லும் தளத்தின் சமன்பாட்டைக் காணச் சொன்ன கணக்கிலோ பேனை நகரவேயில்லை. அத்தளத்தில் கிடக்கும், சமாந்தரமல்லாத இரு காவிகளின் (பருமனும் திசையும் கொண்ட கணியங்களின்) குறுக்குப் பெருக்கம் அத்தளத்துக்குச் செங்குத்தான திசையைத் தருகிறது என்பதை, சூத்திரத்தை மனனம் செய்திருந்த நான் ஒருபோதும் படமாகக் கண்டதில்லை. (பெறுபேற்றுத் தாள் இதையெல்லாம் சொல்வதில்லை.)

ஆகவே பத்து நாட்களைக் காவிகளுக்கும் வரைதலுக்கும் மட்டுமே ஒதுக்கினேன். ஒரு மாறியை மட்டும் மாறவிட்டு மற்றவற்றை நிலையாக வைத்து வகையிடும் பகுதி வகையீட்டை எங்கள் வீட்டு வட்டக் கிணற்றைக் கொண்டே விளங்கிக்கொண்டேன்: நீரின் கனவளவை, ஆரையை மாற்றாமல் ஆழம் குறித்து வகையிட்டால் அடிப்பரப்பும், ஆழத்தை மாற்றாமல் ஆரை குறித்து வகையிட்டால் நீர் தொடும் சுவரின் வளைபரப்பும் விடையாகக் கிடைக்கின்றன. அதன்பின் அதே கணக்குகளை மீண்டும் செய்தேன். தளக் கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்தது. தொகையிடலில் இன்னும் வேகம் போதாதிருந்தும், அதைப் பாடத்தினிடையே சரிசெய்யலாம் எனக் கருதிப் பதிவுசெய்தேன்.