இயாகோ வேஷம் கட்டுகிறவருக்கு, கடலோர மேடையில்

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் அதிக வரி பேசுகிறவன் தளபதி ஒத்தெல்லோ அல்ல, மனைவி டெஸ்டிமோனா மேல் அவனைச் சந்தேகப்பட வைத்து அழிக்கும் இயாகோ. ஆகவே முதலில் மனப்பாடம் உள்ள ஆளைப் பிடியுங்கள். வயதையும் பாருங்கள்: உலகத்தை நாலேழு இருபத்தெட்டு வருஷம் பார்த்துவிட்டதாக அவனே சொல்கிறான். தொப்பை போட்ட வில்லன் நடிகர் வேண்டாம். முறுக்கு மீசையும் வேண்டாம். கதையில் எல்லோரும் அவனை யோக்கியன் என்றே நம்புகிறார்கள். முகத்திலேயே துரோகம் தெரிந்தால் ஒத்தெல்லோ வெறும் ஏமாளியாகிவிடுவான். (உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் ஒட்டு மீசை எப்படியும் நிற்காது.)

தனியாகப் பேசும் இடங்களில் வானத்தைப் பார்க்கக் கூடாது. முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் அப்படிப் பேசிப் பழகிய சாயல்குடி, தொண்டிப் பக்கத்து ஜனங்கள் உடனே கூட்டாளியாகிவிடுவார்கள். அவர்களைச் சிரிக்க வைத்தால்தான் பின்னால் அந்தச் சிரிப்பு அவர்களுக்கே உறுத்தும்.

பேச்சு முறையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஒத்தெல்லோவிடம் "ஐயா". தான் ஏமாற்றிக் காசு கறக்கும் ரொடெரிகோவிடம் "மாப்ள, பையில காசு போடு". தன் மனைவி எமிலியாவிடம் மட்டும் "கொடுடி".

உயிர்நாடி மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. ஒத்தெல்லோவின் துணைத் தளபதி காசியோ, டெஸ்டிமோனாவை விட்டு விலகிப் போவதைப் பார்த்து, "ம்... இது எனக்குப் பிடிக்கல" என்பதைக் காதில் விழுந்தும் விழாமலும் சொல்லுங்கள். ஒத்தெல்லோ "என்ன சொன்னே?" என்றால், "ஒண்ணுமில்லங்கய்யா". அடுத்து அவன் வார்த்தையையே திருப்பிக் கொடுப்பது: "யோக்கியனா, ஐயா?" ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். இங்கே அவசரப்பட்டால் காட்சி கோள்மூட்டலாகச் சுருங்கிவிடும். சந்தேகத்தை ஒத்தெல்லோவே வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். ஆர்மோனியம் இங்கே வாசிக்கவே கூடாது.

ஒத்தெல்லோ மனைவிக்குக் கொடுத்து, இயாகோ பொய்ச் சாட்சியாக்கும் கைக்குட்டை ஒரு முழம் சதுரம் இருக்கட்டும்; கடைசி வரிசைக்கும் ஸ்ட்ராபெர்ரி தெரிய சிவப்பு நூலில் பெரிதாகத் தையல் போடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெறும் துணி கீழே விழாமல் பறந்துவிடும். நான்கு மூலையிலும் தூண்டில் ஈயக் குண்டு ஒவ்வொன்றை மடித்துத் தையுங்கள். கூடவே இன்னொரு கைக்குட்டையும் தயாராக இருக்கட்டும்.

ஒத்தெல்லோ ஒளிந்திருந்து பார்க்கும் காட்சியில் பெரும்பாலும் மைக் கெடுத்துவிடும். காசியோவிடம் அவன் காதலி பியாங்காவைப் பற்றித்தான் இயாகோ பேசுகிறான்; ஒத்தெல்லோ அதைத் தன் மனைவியைப் பற்றிய பேச்சு என்று நம்ப வேண்டும். அதனால் "பியாங்கா" என்ற பெயர் ஒத்தெல்லோவுக்குக் கேட்கக் கூடாது, தொங்கும் மைக்கில் ஊருக்கே கேட்டால், "அவனுக்கு மட்டும் காது செவிடா?" என்று கூட்டம் சிரிக்கும். மைக்கை விட்டு நான்கடி தள்ளி, முதுகைத் திருப்பி அந்தப் பெயரை விழுங்கிச் சொல்லுங்கள்.

கடைசியில், "இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்ற பிறகு கொக்கரிப்பு, இளிப்பு எதுவும் கிடையாது. அவன் சாவதும் இல்லை. திரை விழும்வரை கட்டுண்டு நிற்க வேண்டும். அதற்கு வலைக்கயிறு எடுக்காதீர்கள், நைலான் மணிக்கட்டை அறுக்கும். பழைய பருத்திக் கயிறு போதும்.