பல மூலத் தரவுகளைக் குறியிடுதல்: பொறியியல் கல்வி ஆய்வாளருக்கு

இறுதியாண்டுத் திட்டப்பணியில் மாணவர் குழுக்கள் எவ்வாறு முடிவெடுக்கின்றன என்று ஆராய்பவரிடம் நேர்காணல் எழுத்துப்படிகள், மாணவர் குறிப்பேடுகள், குழுக் கூட்டங்களின் களக்குறிப்புகள், திட்ட அறிக்கைகள் என நான்கு வகைத் தரவுகள் சேர்ந்துவிடும். தரவின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளைச் சுட்டும் சிறு பெயரை, அதாவது குறியீட்டை, இடுவதே குறியிடுதல். இவற்றைத் தொடக்கத்திலேயே ஒன்றாகக் கலந்து குறியிடாமல், ஒவ்வொரு கோப்பிலும் மூலத்தின் வகை, குழு எண், தேதி, புனைபெயர் ஆகியவற்றைப் பதிந்து, ஒவ்வொரு மூலத்தையும் தனித்தனியே குறியிடத் தொடங்குங்கள். நேர்காணலில் ஒரு கேள்வியும் அதன் பதிலும், களக்குறிப்பில் ஒரு நிகழ்வும் குறியிடும் அலகாக அமையலாம்.

எந்த மூலம் யாருக்காக உருவானது என்பதை மறக்கக் கூடாது. அறிக்கை மதிப்பெண்ணுக்காக எழுதப்படுவது. அதில் மூன்று வடிவமைப்புகளை எடையிட்ட முடிவு அட்டவணையால் (ஒவ்வோர் அளவுகோலுக்கும் அதன் முக்கியத்துவத்துக்கேற்ப எடை தந்து மதிப்பெண் இடும் அட்டவணை) ஒப்பிட்டதாக ஒரு குழு எழுதியிருக்க, அக்குழு வடிவமைப்பை முதலிலேயே தேர்ந்துவிட்டு அட்டவணையைப் பிறகு நிரப்பியதைக் களக்குறிப்பு காட்டக்கூடும். இரண்டையும் 'முறையான ஒப்பீடு' என்ற ஒரே குறியீட்டில் அடைத்தால் ஆய்வின் மிகச் சுவையான கண்டறிதலே தொலைந்துபோகும். 'ஒப்பிட்டதாகக் கூறல்', 'முடிவுக்குப் பின் நியாயப்படுத்தல்' என்று பிரித்துவிடுங்கள்.

அதன் பிறகே பொதுவான குறியீட்டேட்டை உருவாக்க வேண்டும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் வரையறை, பொருந்தும் இடம், பொருந்தாத இடம், அது காணப்படும் ஒவ்வொரு மூலத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே மூலத்தில் மட்டும் தென்படும் குறியீட்டை அவசரப்பட்டு நீக்க வேண்டாம்.

இருவர் தனித்தனியே குறியிட்டால், ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்த கப்பா அளவையால் தற்செயலை மிஞ்சிய உடன்பாட்டைக் கணக்கிடலாம். ஆனால் அதை மூலவாரியாகக் கணக்கிடுங்கள். எல்லா மூலங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், நேர்காணல்களில் கிட்டும் உயர்ந்த மதிப்பு, களக்குறிப்புகளில் உள்ள குழப்பத்தை மறைத்துவிடும். இதழ்களின் மதிப்பீட்டாளர்களுக்கு அந்த எண் பிடிக்கும். ஆய்வுக்கு உதவுவதோ, கருத்து வேறுபட்ட இடங்களை இருவரும் விவாதித்து எழுதிவைக்கும் குறிப்புகளே என்பது என் எண்ணம்.

இறுதியாக, வரிசைகளில் குழுக்களையும் நெடுவரிசைகளில் மூலங்களையும் வைத்து அட்டவணை அமைத்து, ஒவ்வொரு குழுவையும் குறுக்காகப் படித்து, மூலங்கள் ஒத்துப்போகும் இடம், முரண்படும் இடம், ஒரு மூலம் மௌனம் காக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர நேர்காணலையும் அரைப்பக்கக் குறிப்பையும் குறியீடுகளின் எண்ணிக்கையால் ஒப்பிடுவது பொருளற்றது. இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் கட்டாயமில்லை. குறியிட உதவும் கட்டற்ற மென்பொருளான டாகெட் (Taguette) அல்லது ஒரு விரிதாளே போதும். இடையில் ஒரு வரையறை மாறினால், மாறிய தேதியைக் குறியீட்டேட்டில் எழுதி, முன்பு குறியிட்ட பகுதிகளையும் புதிய வரையறையின்படி மீண்டும் பார்க்க வேண்டும்.