கீழக்கரையிலிருந்து முதல் தடவை துபாய் கிளம்பும் தம்பிக்கு

தம்பி, முதலில் காகிதம். விசிட் விசாவில் போய் அப்படியே வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே, அது அங்கே குற்றம், மாட்டினால் அபராதம் உனக்கும்தான். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அப்புறம் வெயில். நம்ம ஊர் வெயிலைப் பார்த்தவனுக்கு இது என்ன என்று நினைக்காதே. ஆகஸ்டில் 45 டிகிரியைத் தொடும், ராத்திரியும் புழுக்கம்தான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30லிருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு, அந்த நேரத்தில் நிழலில் படுத்துவிடு. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், குளிக்க முடியாது. ஹீட்டரை அணைத்துவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திற: உள்ளே தேங்கிய தண்ணீர் அறை ஏசியில் ஆறி இதமாக வரும்.

உம்மா கொடுக்கும் தொதல் அல்வாவை டப்பாவில் அடைத்து டேப் ஒட்டு, எண்ணெய் கசியும். அறைக்குப் போனதும் எல்லோருக்கும் கொடு. முதல் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் பேசு, சரியா?