புதுப் பொருளை வடிவமைக்கத் தொழிற்சாலைக் குழுவைப் பயிற்றுவிப்பது எப்படி?

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பிழைப்பு தோலையும் காலணியையும் சார்ந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகும் இந்தத் தொழில் வட்டாரம் ஒன்றாகவே இயங்குகிறது. இங்குள்ள கம்பெனிகள் பல, வெளிநாட்டு பையர் அனுப்பும் மாதிரியை அச்சுப் பிசகாமல் செய்து தருவதில் தேர்ந்தவை. ஆனால் ஒரு பொருளைத் தாமே யோசித்து, வடிவமைத்து, சோதித்து, உற்பத்தி லைனில் ஏற்றுவது வேறு திறன். ஒரு நல்ல டிசைனரை வேலைக்கு எடுப்பதால் மட்டும் அது வந்துவிடாது. பல பிரிவினர் ஒரே மேசையில் அமர்ந்து, செலவு ஏறுவதற்கு முன்பே முடிவெடுக்கப் பழகினால்தான் வரும். அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்குவது என்பதைப் பாதுகாப்பு ஷூவை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். சிப்காட் வளாகங்களில் இயந்திர உதிரிப்பாகம் செய்பவர்களும் சிறு மாற்றங்களோடு இதே முறையைப் பின்பற்றலாம்.

முதலில் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிசைனர், பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங் சூப்பர்வைசர், தையல் பிரிவிலிருந்து அனுபவமுள்ள ஒருவர், லாஸ்டிங் (ஷூவின் மேற்பகுதியைக் கால்வடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும்) பிரிவிலிருந்து ஒருவர், கொள்முதல், தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு என எட்டுப் பேர் போதும். தையல் பிரிவில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள்; ஆனால் வடிவமைப்புக் கூட்டங்களுக்கு அவர்களை அழைப்பது அரிது. எந்த வளைவில் ஊசி தடுமாறும், எந்த மடிப்பில் நேரம் விரயமாகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே அவர்களில் ஒருவரேனும் குழுவில் இருக்க வேண்டும். அவர் பேசுவதற்கென்று ஒவ்வொரு அமர்விலும் நேரம் ஒதுக்க வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசுவோர் கணிசமாக இருப்பதால் பயிற்சி மொழி தமிழாகவும் தேவைப்படும் இடத்தில் உருதுவாகவும் அமையட்டும். லாஸ்ட் (கால்வடிவ அச்சு), அப்பர் (ஷூவின் மேற்பகுதி), ஸ்கைவிங் (தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்குதல்) போன்ற தொழில் சொற்களைத் தளத்தில் வழங்குகிறபடியே எழுதுங்கள்.

அடுத்தது பயிற்சிக்கான பொருள். கற்பனைப் பொருளை வைத்துப் பயிற்சி தருவதை நான் ஏற்கவில்லை. சந்தைக்குப் போகப்போகும் உண்மையான பொருளாக இருந்தால்தான் கொள்முதல்காரர் விலையைப் பற்றியும் கட்டிங் சூப்பர்வைசர் தோல் விரயத்தைப் பற்றியும் மனதார வாதிடுவார்கள். நம் வட்டாரத்துக்குப் பொருத்தமான ஒன்றைச் சொல்கிறேன்: கத்திரி வெயிலில், தகரக் கூரை போட்ட ஷெட்டில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் வெல்டருக்கான பாதுகாப்பு ஷூ.

வரைபடத்தையும் கணினியையும் தொடுவதற்கு முன், சந்தையில் கிடைக்கும் இரண்டு மூன்று பாதுகாப்பு ஷூக்களை வாங்கிக் குழுவே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் எண்ணி, எடை போட்டு, அது எதற்காக இருக்கிறது என்று ஒருவர் மற்றவருக்கு விளக்க வேண்டும். விளக்க முடியாத துண்டு அனேகமாகத் தேவையற்ற துண்டு. இந்த ஒரு பகல் வேலையிலேயே டிசைனருக்குத் தையலின் கணக்கும், தையல் பிரிவினருக்கு வடிவத்தின் காரணமும் புலப்படத் தொடங்கும்.

பிறகு குழுவினர் இருவர் இருவராக வெல்டிங் பட்டறைகளுக்குச் சென்று அணிபவரிடம் பேச வேண்டும். ‘கால் வேகுது’, ‘பொறி உள்ளே விழுது’, ‘சாயங்காலம் கழற்ற முடியல’ என்று அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி வந்து, ஒவ்வொன்றையும் அளக்கக்கூடிய தேவையாக மாற்றுவதே பயிற்சியின் மிக முக்கியமான பாடம். இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். ‘கால் வேகுது’ என்பது உள் லைனிங்கின் நீராவி ஊடுருவும் தன்மை குறித்த தேவையாகிறது; பாதுகாப்புக் காலணிக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 20345 அதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு மணிக்கு 2 மில்லிகிராம் என்ற குறைந்தபட்ச அளவைக் கேட்கிறது. விரல் பாதுகாப்புக்கு அதே தரநிலை 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் முன்னுறைக் கவசம் தாங்க வேண்டும் என்கிறது. மோதலுக்குப் பிறகும் 41, 42 அளவு ஷூவில் கவசத்துக்கு உள்ளே 14 மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் தேவைகள் ஒன்றோடொன்று மோதும். காற்றோட்டத்துக்காக அப்பரில் துளை போடலாம் என்று யாரேனும் சொல்வார். துளை வழியே தீப்பொறி நுழையும் என்று இன்னொருவர் மறுப்பார். பயிற்றுநர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. துளையில்லாமல் வெப்பத்தைக் குறைக்க வேறு என்ன வழி, லைனிங்கை மாற்றலாமா, கயிற்றின் மேல் மூடும் மடலை எளிதில் திறக்கும்படி அமைக்கலாமா என்று கேள்விகளை மட்டும் எழுப்பிக் குழுவையே முடிவுக்கு வர விட வேண்டும். முடிவையும் அதற்கான காரணத்தையும் ஒரே தாளில் எழுதி எட்டுப் பேரும் கையெழுத்திட வேண்டும்.

எந்த முடிவை எப்போது பூட்டுவது என்பது அடுத்த பாடம். பி.யு. (பாலியூரித்தேன்) சோலுக்கு ஒவ்வொரு அளவுக்கும், இடது வலது ஒவ்வொரு காலுக்கும் தனித்தனி மோல்டு தேவைப்படுவதால், மோல்டு ஆர்டர் கொடுத்த பிறகு சோலின் வடிவத்தைத் தொடுவது பணத்தைக் கொட்டும் வேலை. எனவே லாஸ்டும் சோலும் முதலில் உறுதியாக வேண்டும். அப்பர் பேட்டர்ன் அணிந்து பார்க்கும் சோதனைக்குப் பிறகு உறுதியாகலாம். நிறமும் கயிறும் கடைசி வரை காத்திருக்கலாம். இப்படி முடிவைப் பூட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் ‘தொடரலாம்’, ‘திருத்திவிட்டு வரலாம்’, ‘கைவிடலாம்’ என்ற மூன்றில் ஒன்றைக் குழு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைவிடலாம் என்று சொல்லும் உரிமை லைன் சூப்பர்வைசருக்கும் உண்டு என்பதை நிர்வாகம் முதல் நாளிலேயே அறிவித்துவிட வேண்டும்.

தோலைப் பற்றிய பாடத்தைக் கட்டிங் மேசையிலேயே நடத்துங்கள். தோலின் முதுகுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருக்கும். ஷூவின் முன்பகுதிக்கு வெட்டும் துண்டில் இழுவை குறைந்த திசை விரலிலிருந்து குதிகால் நோக்கி அமைய வேண்டும். இதை டிசைனர் தம் கையால் இழுத்துப் பார்த்து உணர வேண்டும். துண்டின் விளிம்பைச் சற்றே மாற்றினால் துண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்ந்து தோல் மிச்சமாகும் என்பதைக் காகித அச்சுகளை வைத்துக் காட்டலாம். ஐரோப்பிய அளவு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆனால் இரும்புக் கவசம் பல சமயம் இரண்டு அளவுகளுக்கு ஒன்றாகவே வருவதால் கிரேடிங் செய்யும்போது, அதாவது ஒரு அளவின் பேட்டர்னை மற்ற அளவுகளுக்கு மாற்றும்போது, முன்பகுதியை அப்படியே பெருக்க முடியாது.

ஏற்றுமதி நோக்கம் இருந்தால் வேதியியலையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தோலால் செய்த பொருள்களில் ஆறாம் இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே முதல் நடப்பில் இருக்கிறது. பதனிடும்போது இட்ட மூன்றாம் இணைதிறன் குரோமியம் வெப்பத்தாலும் சிலவகைக் கொழுப்பு எண்ணெய்களாலும் பின்னாளில் இப்படி மாறக்கூடும். எனவே தோல் வாங்கும் நிபந்தனையிலேயே இது இடம்பெற வேண்டும்.

பழுதை முன்கூட்டி ஆராயும் எஃப்.எம்.இ.ஏ. முறைக்கு ஒரு முழு அமர்வு வேண்டும். கடுமை, நேரும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஆகியவற்றுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு மூன்றையும் பெருக்குவது பழைய வழக்கம். வாகனத் துறையின் 2019ஆம் ஆண்டுக் கையேடு அந்தப் பெருக்கலைக் கைவிட்டு, எதை முதலில் கவனிப்பது என்ற முன்னுரிமை அட்டவணைக்கு மாறிவிட்டது. அதுவே சரியான வழி என்பது என் கருத்து. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான பழுது, அரிதாக நேர்ந்தாலும் முதலில் கவனிக்கப்பட வேண்டும். ஒட்டும் முறையில் செய்த ஷூவில் சோல் பிரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பரைப் போதுமான அளவு உரசிச் சொரசொரப்பாக்காதது, பசை காயும் முன்பே ஒட்டியது, வடகிழக்குப் பருவமழை மாதங்களின் ஈரப்பதத்தில் காயும் நேரத்தை மாற்றாதது எனக் காரணங்கள் லாஸ்டிங் பிரிவினரின் வாயிலிருந்தே வரும். பிணைப்பு வலிமை மில்லிமீட்டருக்கு 4 நியூட்டனுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து அவர்களுடைய ஊகத்தை உறுதிசெய்யலாம்.

முதல் ஜோடிகள் சாம்பிள் ரூமில் அழகாக வந்துவிடும். அதைக் கண்டு குழு மயங்கக் கூடாது. அங்குள்ள மேஸ்திரியின் கைத்திறன் வடிவமைப்பின் குறையை மறைத்துவிடுகிறது. ஆகவே சோதனை உற்பத்தியை வழக்கமான லைனில், வழக்கமான ஆட்களைக் கொண்டு, வழக்கமான வேகத்தில் நடத்த வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தையும் திருத்த அனுப்பிய ஜோடிகளையும் குழுவினரே நின்று குறிக்க வேண்டும். மடல் தைக்கும் இடத்தில் வேலை தேங்கினால் ஆளைக் கூட்டும் முன் மடலின் வடிவத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

வாரம் அரை நாள் என்று வைத்துக்கொண்டால் உற்பத்தி பாதிக்காது. கன்டெய்னர் ஏற்றும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பேட்டர்ன் வரைதல், கணினி வடிவமைப்பு போன்ற தனித்திறன்களுக்குக் கிண்டியிலுள்ள மத்திய காலணிப் பயிற்சி நிலையத்துக்கோ இருங்காட்டுக்கோட்டையிலுள்ள காலணி வடிவமைப்பு நிறுவனத்துக்கோ ஆளை அனுப்பலாம். தோல் சார்ந்த ஐயங்களுக்கு 1948இல் தொடங்கப்பட்ட அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்று திரும்பியவர் கற்றதை அடுத்த அமர்வில் மற்ற ஏழு பேருக்கும் செய்து காட்ட வேண்டும்.

பயிற்சியின் பலனை எழுத்துத் தேர்வால் அளக்க வேண்டாம். கட்டிங் டை (தோலை வெட்டும் அச்சு) செய்த பிறகு எத்தனை திருத்தங்கள் வந்தன, அவற்றில் எதை எந்தக் கூட்டத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்று பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலையும் கையெழுத்திட்ட முடிவுத் தாள்களையும் முத்திரையிட்ட இறுதிச் சாம்பிளையும் ஒரே அலமாரியில் வையுங்கள். இரண்டாவது பொருளைத் தொடங்கும்போது பாதிப் பேரை மாற்றி, பழையவர்களே புதியவர்களுக்கு அவற்றை எடுத்துப் படித்துக் காட்டும்படி செய்யுங்கள்.